டெம்ப்ளேட் மாறியது, கோப்பு மாறவில்லை

வேர்டில் ஒரு டெம்ப்ளேட்டை (மாதிரிக் கோப்பை) வைத்துக்கொண்டு பத்து, இருபது, ஐம்பது கோப்புகள் என்று உருவாக்கியிருப்பார்கள். ஒருநாள் எழுத்துருவை மாற்று, தலைப்பின் நிறத்தை மாற்று என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். டெம்ப்ளேட்டைத் திறந்து மாற்றிவிட்டால் பழைய கோப்புகளும் தானாக மாறிவிடும் என்று நம்பி மாற்றுவார்கள். ஒன்றும் மாறாது. அல்லது பாதி மாறும், பாதி அப்படியே நிற்கும். அப்புறம் பென்டிரைவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள்.

கடை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில், மாடியில் இருக்கிறது. டிடிபி, பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. பாரிமுனை வக்கீல் குமாஸ்தாக்கள், ராயபுரம் பக்கத்து கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ் பிள்ளைகள், ஆய்வேடு கொண்டுவரும் கல்லூரி மாணவிகள், மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் என்று பலரும் வருவார்கள். 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர்க்காரர்களும் வருகிறார்கள். இவர்களுடைய கோப்புகளில் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டைல் (எழுத்துரு, அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றைச் சேர்த்து ஒரே பெயரில் வைத்திருக்கும் வடிவம்) மாறவில்லை என்றதும் பக்கம் பக்கமாகக் கையால் திருத்த உட்காராதீர்கள் என்பதுதான் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது. இன்று கையால் திருத்துகிற ஒவ்வொரு இடமும், அடுத்த முறை டெம்ப்ளேட் மாறும்போது மாறாமல் அடம்பிடிக்கும்.

டெம்ப்ளேட்டிலிருந்து புதுக் கோப்பை உருவாக்கும்போது வேர்ட் அதிலுள்ள ஸ்டைல்களை நகல் எடுத்துக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது. அதன்பிறகு கோப்பு தன்னிடம் உள்ள நகலைத்தான் பார்க்கும். எங்கள் பகுதியில் தையற்கடைகள் நிறைய. அளவுச் சட்டையைக் கொடுத்துப் புதுச் சட்டை தைத்து வாங்கிய பிறகு, அளவுச் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கினால் புதுச் சட்டை பெரிதாகாது. இதுவும் அப்படித்தான். எந்த டெம்ப்ளேட், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் இருக்கும். அங்கே போய் ஸ்டைலைத் திரும்ப எடுத்துவா என்று நாம் சொன்னால்தான் எடுத்துவரும்.

அதைச் சொல்கிற இடம் டெவலப்பர் டேபில் 'டாக்குமெண்ட் டெம்ப்ளேட்' என்ற பட்டன். டெவலப்பர் டேப் பலருடைய கணினியில் தெரியாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போய் டெவலப்பருக்கு டிக் போட்டால் வரும். அந்தப் பட்டனை அழுத்தினால் திறக்கும் பெட்டியில் மேலே டெம்ப்ளேட்டின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே 'ஆட்டோமேட்டிகலி அப்டேட் டாக்குமெண்ட் ஸ்டைல்ஸ்' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட்டு ஓகே கொடுத்தால், டெம்ப்ளேட்டிலும் கோப்பிலும் ஒரே பெயரில் இருக்கும் ஸ்டைல்கள் டெம்ப்ளேட்டில் உள்ளபடி மாறும். டிக் இருக்கும்வரை, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதே வேலை நடக்கும்.

இதே மாதிரிப் பெயரில் இன்னொரு கட்டமும் வேர்டில் உண்டு. ஒரு ஸ்டைலை மாடிஃபை செய்யும் பெட்டியின் அடியில் 'ஆட்டோமேட்டிகலி அப்டேட்' என்று இருக்கும். அதற்கும் டெம்ப்ளேட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதை டிக் செய்தால், நீங்கள் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து நடுவில் நிறுத்தினாலோ தடிமனாக்கினாலோ, அதே ஸ்டைலில் உள்ள எல்லாப் பத்தியும் நடுவுக்குப் போகும், எல்லாம் தடிமனாகும். "ஒரு வரியை போல்டு பண்ணேன், ஃபைல் முழுக்க போல்டு ஆயிடுச்சு அக்கா" என்று ஒரு பிள்ளை பதறிக்கொண்டு வந்தால் நான் முதலில் இந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பேன். பொருளடக்கத்துக்கான ஸ்டைல்களில் இது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். அங்கே அது இருக்கட்டும். உடல் எழுத்துக்கும் தலைப்புக்கும் வேண்டவே வேண்டாம்.

இனி ஒரு கோப்புக் கட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். மேலே சொன்ன ஒப்பந்தக்காரர்களில் ஒருவருடைய ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்தார். பாதுகாப்புக் கையேடுகள் நாற்பது ஐம்பது இருக்கும். உயரத்தில் வேலை செய்வது, மூடிய தொட்டிக்குள் இறங்குவது, வெல்டிங் அனுமதிச் சீட்டு என்று ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. ஆங்கிலமும் தமிழும் கலந்தவை. தொழிலாளர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக முக்கியமான வழிமுறைகளைத் தமிழில் போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து புது வடிவமைப்பு வந்திருந்தது. "டெம்ப்ளேட்டை மாத்திட்டேன் அக்கா, டிக்கும் போட்டேன். ஒண்ணும் மாறலை" என்றார்.

நான் முதலில் கேட்டது, "டெம்ப்ளேட்டை எப்படித் திறந்தீங்க தம்பி?" என்றுதான். டபுள் கிளிக் செய்தேன் என்றார். டெம்ப்ளேட் கோப்பை டபுள் கிளிக் செய்தால் டெம்ப்ளேட் திறக்காது, அதிலிருந்து ஒரு புதுக் கோப்புதான் உருவாகும். மேலே தலைப்புப் பட்டையில் 'டாக்குமெண்ட்1' என்று இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதில் மாற்றங்களைச் செய்து சேமித்தால் சாதாரண வேர்ட் கோப்பாகத்தான் சேமிக்கும். டெம்ப்ளேட் பழையபடியே இருக்கும். டெம்ப்ளேட்டையே திருத்த வேண்டுமானால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுக்க வேண்டும், அல்லது வேர்டுக்குள்ளிருந்து ஃபைல், ஓப்பன் என்று போக வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வீணாகிற நேரம் கொஞ்சமில்லை. அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

அடுத்து, கோப்பு எந்த டெம்ப்ளேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தோம். மின்னஞ்சலில் வந்த டெம்ப்ளேட் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று, டெஸ்க்டாப்பில் ஒன்று, ஆபீஸ் சர்வரில் ஒன்று என்று ஒரே பெயரில் மூன்று இடத்தில் கிடந்தது. சரியாகத் திறந்து தம்பி மறுபடி திருத்தியது டெஸ்க்டாப்பில் உள்ளதை. கோப்பு பார்ப்பது சர்வரில் உள்ளதை. பெயரை மட்டும் பார்க்காமல் முழுப் பாதையையும் படிக்க வேண்டும். 'அட்டாச்' பட்டனை அழுத்திச் சரியான டெம்ப்ளேட்டைக் காட்டிவிட்டு, டிக் போட்டு, ஓகே கொடுத்தோம்.

இப்போது கொஞ்சம் மாறியது. உடல் எழுத்தின் இடைவெளி மாறியது, தலைப்பின் அளவு மாறியது. ஆனால் தலைப்பின் நிறமும் எழுத்துருவும் பழையதே. இங்கேதான் பலர் டிக் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலை செய்திருக்கிறது. புது டெம்ப்ளேட்டில் தலைப்பின் எழுத்துரு ஒரு குறிப்பிட்ட பெயராக இல்லை. 'தீமில் தலைப்புக்கு எது உண்டோ அது' என்று இருந்தது. தீம் என்பது ஒரு கோப்புக்கான எழுத்துருக்களும் நிறங்களும் சேர்ந்த தொகுப்பு. நிறமும் அப்படியே, தீமின் இத்தனையாவது நிறம் என்று. ஸ்டைலைப் புதுப்பிக்கும்போது தீம் கூடவே வராது. அதனால் ஸ்டைல் புதுசு, ஆனால் அது எழுத்துருவையும் நிறத்தையும் எடுப்பது கோப்பில் உள்ள பழைய தீமிலிருந்து. டிசைன் டேபில் 'தீம்ஸ்' என்பதற்குக் கீழே 'ப்ரௌஸ் ஃபார் தீம்ஸ்' என்று ஒன்று உண்டு. அதில் டெம்ப்ளேட் கோப்பையே காட்டலாம். காட்டியதும் தலைப்புகள் எல்லாம் ஒரே நொடியில் மாறின. தம்பியின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அப்புறமும் சில பத்திகள் மாறவில்லை. இவைதான் நான் முதலில் சொன்ன கையால் திருத்திய இடங்கள். யாரோ எப்போதோ பத்தியைத் தேர்ந்தெடுத்து நேரடியாக ஏரியல் 10 என்று போட்டிருக்கிறார்கள். நேரடியாகப் போட்ட வடிவம் ஸ்டைலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அடியில் ஸ்டைல் மாறினாலும் மேலே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். ஷிஃப்ட்டும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தினால் வலது பக்கம் ஒரு பட்டை திறக்கும். அதன் அடியில் 'டிஸ்டிங்விஷ் ஸ்டைல் சோர்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்தால், எது ஸ்டைலிலிருந்து வருகிறது, எது நேரடியாகப் போட்டது என்று பிரித்துக் காட்டும். ஸ்டைல்ஸ் பட்டையின் அடியில் உள்ள 'ஸ்டைல் இன்ஸ்பெக்டர்' இன்னும் தெளிவு. பத்தி அளவில் என்ன, எழுத்து அளவில் என்ன என்று நான்கு பெட்டிகளாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அழிக்கும் பட்டனும் கொடுக்கும்.

நேரடி வடிவத்தை எடுக்கக் கண்ட்ரோல் கியூ, கண்ட்ரோல் ஸ்பேஸ் இரண்டும் உண்டு. முன்னது பத்தியில் போட்ட இடைவெளி, உள்தள்ளல் போன்றவற்றை எடுக்கும்; பின்னது எழுத்தில் போட்டதை எடுக்கும். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். பாதுகாப்புக் கையேட்டில் அதைச் செய்யவே கூடாது. 'டேஞ்சர்', 'வார்னிங்' போன்ற சொற்களை அவர்கள் தடிமனாகப் போட்டிருந்தார்கள். அந்தத் தடிமனும் போய்விடும். மூடிய தொட்டிக்குள் இறங்கப்போகிற ஒருவர் கண்ணில் படவேண்டிய சொல் அது.

அதற்கு நான் வைத்திருக்கும் வழி இது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில், உடல் எழுத்து ஸ்டைலில் இருந்துகொண்டு தடிமனாக உள்ள எழுத்தை எல்லாம் தேடி, அவற்றுக்கு ஹைலைட் நிறம் போடச் சொல்வேன். தேடும்போது ஸ்டைல் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது முக்கியம். இல்லையென்றால் தலைப்புகளும் சேர்ந்து மஞ்சளாகிவிடும். அப்புறம் முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் ஸ்பேஸ். இது ஹைலைட்டைத் தொடாது. மற்ற நேரடி வடிவங்கள் எல்லாம் போய்விடும். பிறகு ஹைலைட் உள்ள எழுத்தைத் தேடி, 'ஸ்ட்ராங்' என்ற எழுத்து ஸ்டைலைப் போட்டு, ஹைலைட்டை எடுக்கச் சொல்வேன். இப்போது அந்தத் தடிமன் ஒரு ஸ்டைலாகவே ஆகிவிட்டது. நாளைக்கு அது சிவப்பாக வேண்டும் என்றால் டெம்ப்ளேட்டில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். கோப்பில் ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ஹைலைட் போட்டிருந்தால் மட்டும் முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடையில் தம்பிக்கு ஒரு சந்தேகம். "சில பத்தியில ஸ்டைலை மறுபடி க்ளிக் பண்ணாலே சரியாகுது, சிலதுல ஆகலையே?" நல்ல கேள்வி. ஒரு பத்தியில் பாதிக்கு மேல் நேரடி எழுத்து வடிவம் இருந்தால், பத்தி ஸ்டைலை மறுபடி போடும்போது வேர்ட் அதை எடுத்துவிடும். பாதிக்குக் குறைவாக இருந்தால், வேண்டுமென்றே ஒன்றிரண்டு சொல்லுக்குப் போட்டது என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். இது தெரியாவிட்டால் வேர்ட் தன் இஷ்டத்துக்கு நடப்பது போலத்தான் இருக்கும்.

இன்னொரு வகைப் பத்திகளும் இருந்தன. நேரடி வடிவம் எதுவுமில்லை, ஆனாலும் மாறவில்லை. ஸ்டைல் பெயரைப் பார்த்தால் 'தலைப்பு 1' என்று யாரோ சொந்தமாக உருவாக்கிய ஸ்டைல். டெம்ப்ளேட்டில் இருப்பதோ வேர்டின் 'ஹெடிங் 1'. பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் புதுப்பிக்க வழியே இல்லை. ஸ்டைல்ஸ் பட்டையில் அந்தப் பெயரின்மேல் ரைட் கிளிக் செய்து, அந்த ஸ்டைல் உள்ள இடங்களை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, 'ஹெடிங் 1'-ஐ ஒருமுறை அழுத்தினால் மொத்தமும் மாறிவிடும். ஆய்வேடுகளில் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். ஐந்து அத்தியாயத்தை ஐந்து பேர் தட்டச்சு செய்து, ஆளுக்கொரு பெயரில் தலைப்பு ஸ்டைல் வைத்திருப்பார்கள்.

பக்க ஓரம், மேல்குறிப்பு, அடிக்குறிப்பு, லோகோ ஆகியவை எந்த டிக்கிலும் வராது. அவை ஸ்டைல் அல்ல. புது லோகோ ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு, தனியாகத்தான் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி தமிழ். பலரையும் இதுதான் தடுமாற வைக்கிறது, நான் அதிக நேரம் செலவிடுவதும் இதில்தான். அந்தக் கையேடுகளில் ஆங்கில வரிகள் எல்லாம் புது அளவுக்கு வந்துவிட்டன. தமிழ் வரிகள் மட்டும் பழைய அளவிலேயே பெரிதாக நின்றன. டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தால் ஸ்டைலில் அளவு 11 என்று சரியாகத்தான் இருந்தது. விஷயம் என்னவென்றால், வேர்ட் ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் லத்தீன் எழுத்துக்கு (அதாவது ஆங்கிலத்துக்கு) ஒரு எழுத்துரு, ஒரு அளவு, 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனியாக ஒரு எழுத்துரு, ஒரு அளவு வைத்திருக்கிறது. யூனிகோட் தமிழ் (இன்று கணினிகளிலும் போன்களிலும் பொதுவாக உள்ள தமிழ்க் குறியீடு) இந்த இரண்டாவது கணக்கில் வரும். தலைமை அலுவலகத்தில் டெம்ப்ளேட் செய்தவர் கணினியில் தமிழே இல்லை. அவர் மாற்றியது லத்தீன் அளவை மட்டும்.

ஸ்டைலை மாடிஃபை செய்யும்போது கீழே 'ஃபார்மேட்', 'ஃபாண்ட்' என்று போனால் வரும் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் பகுதி தனியாக இருக்கும். அது தெரியவில்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் என்று போய்த் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் இரண்டு அளவையும் சரிசெய்த பிறகு கோப்பில் தமிழும் ஒழுங்காக வந்தது. தமிழ் கலந்த எந்த டெம்ப்ளேட் கைக்கு வந்தாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான்.

கூடவே வரி இடைவெளியையும் பாருங்கள். டெம்ப்ளேட்டில் 'எக்ஸாக்ட்லி' என்று குறிப்பிட்ட அளவு போட்டிருந்தால் ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழில் புள்ளியும் மேல் வளைவும் வெட்டுப்படும். புள்ளி வெட்டுப்பட்டால் தமிழில் பொருளே மாறிவிடும், அதுவும் பாதுகாப்பு வழிமுறையில். 'அட்லீஸ்ட்' அல்லது 'மல்டிப்பிள்' என்று மாற்றச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொன்னேன். எழுதினார்கள், மாற்றியும் கொடுத்தார்கள்.

எழுத்துரு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பழைய டெம்ப்ளேட்டுகளில் தமிழுக்கு லதா என்று இருக்கும். விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் இயல்பாகக் கணினியில் இருப்பதில்லை. 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' என்ற கூடுதல் வசதியைச் சேர்த்தால்தான் வரும். இயல்பாக இருப்பது நிர்மலா யூஐ. புதுக் கணினியில் திறந்ததும் தமிழ் எழுத்தின் உருவமும் வரிகளும் மாறித் தெரிந்தால், ஸ்டைல் போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். ஸ்டைலில் லதா என்றே இருக்கும், கணினியில் லதா இருக்காது.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகள் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வடசென்னையில் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், பழைய அச்சகங்கள் ஆகியவற்றிடம் பாமினியில் அடித்த கோப்புகள் இன்றும் இருக்கின்றன. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அந்தக் கோப்பின் 'நார்மல்' ஸ்டைலில் பாமினி என்று இருந்து, நீங்கள் டைம்ஸ் நியூ ரோமன் உள்ள டெம்ப்ளேட்டை இணைத்து டிக் போட்டால், 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வரிசையாக நிற்கும். ஒரு பெரியவர் தங்கள் சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தை இப்படிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அழிஞ்சு போச்சாம்மா?" என்று தழுதழுத்தார். எதுவும் அழியவில்லை ஐயா என்று சொல்லிச் சேமிக்காமல் மூடித் திறந்து காட்டினேன்.

இதைச் செய்யும் முறை இது: முதலில் கோப்பின் நகலை எடுங்கள். அந்த நகலில் 'பழைய தமிழ்' என்பது போல டெம்ப்ளேட்டில் இல்லாத பெயரில் ஒரு ஸ்டைல் உருவாக்கி, அதற்குள் பாமினியை வையுங்கள். பாமினியில் உள்ள பத்திகளை எல்லாம் அந்த ஸ்டைலுக்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகு டெம்ப்ளேட்டை இணைத்தால், கோப்பில் மட்டும் உள்ள ஸ்டைலை அது தொடாது. முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. மாற்றிய பிறகு ஒரு ஆள் உட்கார்ந்து முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் அதைச் செய்யாமல் கொடுப்பதில்லை.

ஒப்பந்தக்காரரின் கோப்புகளுக்குத் திரும்புகிறேன். ஒரு கோப்பில் எல்லாம் சரியான பிறகுதான் மற்றவற்றைத் தொட்டோம். ஒவ்வொன்றாகத் திறந்து இணைப்பதற்குப் பதில், ஃபோல்டரில் உள்ள கோப்புகளைத் திறந்து, டெம்ப்ளேட்டை இணைத்து, 'அப்டேட்ஸ்டைல்ஸ்' கட்டளையைக் கொடுத்து, சேமித்து மூடும் சின்ன மேக்ரோ (வேர்ட் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ஒன்று எழுதினேன். அந்தக் கட்டளை ஸ்டைலை ஒருமுறை எடுத்துவரும். டிக்கை நிரந்தரமாக விட்டுவைக்காது. நேரடி வடிவத்தை எடுக்கும் வேலையை மட்டும் கோப்பு கோப்பாகக் கண்ணால் பார்த்துத்தான் செய்தோம்.

டிக்கை விட்டுவைக்கக் கூடாது என்பதை அழுத்தமாகவே சொல்வேன். போடு, புதுப்பி, எடு. காரணம், வெளியே அனுப்பும் கோப்பு. ஒரு கோப்பு வேர்டின் பொது டெம்ப்ளேட்டான நார்மலோடு இணைந்திருந்து டிக்கும் இருந்தால், அதை வாங்கித் திறப்பவருடைய கணினியில் உள்ள நார்மலிலிருந்து ஸ்டைல்களை எடுத்துக்கொள்ளும். உங்களிடம் 12-ஆக இருந்தது அவரிடம் 11-ஆகும், பக்கங்கள் கூடும் குறையும். பக்க எண் போட்டு அட்டவணை தயாரிக்கும் வக்கீல் ஆபீஸ் கோப்பில் அப்படி நடந்தால் எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குமாஸ்தா ஐயா, "இங்க பதினாலாம் பக்கம், சீனியர் சிஸ்டத்துல பதினைஞ்சாம் பக்கம், என்னம்மா இது?" என்று கேட்டு வந்தது இதனால்தான். டிக்கை எடுத்ததோடு அது நின்றது. எண்ணிட்ட தலைப்புகள் உள்ள கோப்பிலும் டிக் நிரந்தரமாக இருந்தால், திறக்கும்போதெல்லாம் எண்கள் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

இணைந்த டெம்ப்ளேட்டின் பாதையால் வரும் இன்னொரு தொல்லை, கோப்பு மெதுவாகத் திறப்பது. சர்வரை மாற்றியிருப்பார்கள், பழைய சர்வரின் பாதை கோப்புக்குள் அப்படியே இருக்கும். இப்போது இல்லாத அந்தச் சர்வரைத் தேடி வேர்ட் காத்திருக்கும். ராயபுரம் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் கணினி பழசாகிவிட்டது என்று புதிது வாங்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். டாக்குமெண்ட் டெம்ப்ளேட் பெட்டியைத் திறந்து, இருக்கிற ஒரு டெம்ப்ளேட்டோடு இணைத்துச் சேமித்ததும் கோப்பு உடனே திறந்தது. புதுக் கணினி வாங்கும் பேச்சு அதோடு முடிந்தது.

லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வேர்ட் வாங்க முடியாத சின்னச் சங்கங்களுக்கு நான் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். அங்கே முறை வேறு. டெம்ப்ளேட் மாறியிருந்தால், அதிலிருந்து உருவான கோப்பைத் திறக்கும்போது அதுவே கேட்கும்: டெம்ப்ளேட் மாறியிருக்கிறது, ஸ்டைல்களைப் புதுப்பிக்கவா, பழையதையே வைத்துக்கொள்ளவா? பயத்தில் பலர் 'கீப் ஓல்ட் ஸ்டைல்ஸ்' என்று அழுத்திவிடுகிறார்கள். அதோடு அந்தக் கோப்புக்கும் டெம்ப்ளேட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அதன்பிறகு டெம்ப்ளேட் எத்தனை முறை மாறினாலும் அந்தக் கேள்வி வராது. இப்போது வேண்டாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து அழுத்தும் பட்டன் அல்ல அது. தொடர்பு திரும்ப வேண்டுமானால், டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு புதுக் கோப்பைத் தொடங்கி, பழையதிலிருந்து உள்ளடக்கத்தை நகலெடுத்து அதில் ஒட்டுவதுதான் எளிய வழி. ஒட்டிய பிறகு மேல்குறிப்பு, அடிக்குறிப்பு, பக்க எண் மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

தொடர்பு வேண்டாம், இந்த ஒரு தடவை புது ஸ்டைல் வந்தால் போதும் என்றால், ஸ்டைல்ஸ் மெனுவில் 'லோட் ஸ்டைல்ஸ் ஃப்ரம் டெம்ப்ளேட்' இருக்கிறது. அதில் எழுத்து, பக்கம், எண்ணிடல் என்று எவை வேண்டுமோ அவற்றை டிக் செய்யலாம். பக்க ஸ்டைலையும் எடுத்துவர முடிவது வேர்டில் இல்லாத வசதி. 'ஓவர்ரைட்' என்ற கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெயரில் ஏற்கெனவே உள்ள ஸ்டைல்கள் மாறாது, இல்லாதவை மட்டும் புதிதாக வந்து சேரும். நேரடி வடிவத்தை எடுக்க இங்கே கண்ட்ரோல் எம். 7.1 பதிப்பிலிருந்து ஸ்டைல் இன்ஸ்பெக்டரும் உண்டு. தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஸ்டைலின் எழுத்துருப் பக்கத்தில் 'சிடிஎல்' (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற தலைப்பின் கீழ்த் தனியாக இருக்கும். அது தெரியவில்லை என்றால், டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் சிடிஎல் வசதியை டிக் செய்து, பக்கத்தில் உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.